மணல் போனால் குடிநீரும் போகும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த ஸ்ரீரங்கத்தில் ஜலக் கஷ்டம் என்றால் வெளியூரார் நகைப்பர். ஆயினும் கோடை முற்றிய நாட்களில் அங்கும், தென்கரைத் திருச்சிராப்பள்ளியிலும், குழாயடியில் குடத்துடன் காத்து நிற்கும் ஸ்திரீகளுக்கு இது நகைப்புக்குரிய விஷயமன்று. மழை பொய்த்தது, மேட்டூரில் நீரில்லை என்று காரணம் கூறுவது வழக்கம். அது மெய்யே, முழு மெய்யன்று.

இவ்வூர் ஜனங்கள் பெரும்பாலும் அருந்துவது ஆற்றின்மேல் ஓடும் நீரையன்று. மணலுக்குள் தங்கிய நீரையே. கம்பரசம்பேட்டையிலும் கொள்ளிடத்திலும் படுகையில் கிணறுகள் அமைத்து, மணல் வடித்துத் தரும் ஜலத்தை இறைக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் ஓடிற்று. 22-ந் தேதி முக்கொம்பு மேலணையின் மதகுகள் இடிந்து விழுந்தன. அவ்வெள்ளத்தில் பெரும்பகுதி கடல் சேர்ந்தது. அடுத்த கோடைக்கென மணல் பிடித்து வைத்ததே ஊருக்கு மிஞ்சியது.

நீர் நிறைந்த பருமணல் ஒரு கன மீட்டரில் சுமார் 200 லிட்டர் இறைக்கலாம். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு வகுத்த அளவு 135 லிட்டர். இரண்டு யூனிட் மணலேற்றிய லாரி ஒன்று ஆற்றை விட்டு ஏறும்போது, எட்டுப் பேரின் ஒரு நாள் தண்ணீருக்கான இடமும் உடன் ஏறுகிறது. ஆண்டுதோறும் வெள்ளத்தால் நிரம்பும் இடம் அது. பள்ளத்தில் நீர் நிற்குமே என்பர் சிலர். அந்நீரை வெயில் குடிக்கும். படுகை தாழத் தாழ, கிணற்றின் நீர்மட்டமும் தாழும்.

வீடு கட்ட மணல் வேண்டாமா எனின், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் கடைத்தெருவில் கிடைக்கிறது. உடைத்துச் செய்யும் குடிநீர் எங்கும் கிடையாது.

சட்டத்துக்கும் பஞ்சமில்லை. சிறு பரப்பில் மணல் அள்ளவும் சுற்றுச்சூழல் அனுமதி அவசியமென்று சுப்ரீம் கோர்ட் 2012-லேயே உத்தரவிட்டது. வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பைச் சர்க்கார் 2003-ல் கட்டாயமாக்கிற்று. வேண்டுவது அமலே. ஒவ்வொரு வெள்ளமும் வடிந்தபின் குடிநீர்க் கிணறுகளருகே படுகையின் மட்டத்தை அளந்து, அக்கணக்கை மாநகராட்சி பகிரங்கமாக வெளியிட வேண்டும். தாழ்ந்த இடத்தில் ஒரு கூடை மணலும் எடுக்கலாகாது. வீட்டுக்காரரும் கூரைநீரைச் சாக்கடையில் விடாது, தம் கிணற்றுக்குத் திருப்புதல் கடமை.

காவிரியின் பங்குக்காக அண்டை ராஜ்யத்தோடு வழக்காடினோம்; அது நியாயமே. வந்த நீரைத் தாங்கும் மணலை நாமே விற்றுவிட்டால், எந்த நியாயஸ்தலத்தில் யார்மேல் வழக்குத் தொடுப்பது?