இறங்கி வராத தெய்வங்கள்

அண்மையில் வழங்கப்பட்ட பரிசொன்றின் தகுதியுரை, மலையகக் கவிஞர் ஒருவரைக் 'கவிதையின் அவதாரம்' என்றது. மேடை மயக்கம் என்று விட்டிருக்கலாம். ஆனால் சகோதர இதழொன்று அதற்கு வக்காலத்து வாங்கியிருக்கிறது. புத்தரையே விஷ்ணுவின் ஒன்பதாம் அவதாரமாக்கிய மரபு நம்முடையதாம். சாட்சி வேண்டுவோர் கண்டிக்குப் போகலாமாம், தலதா மாளிகைக்கு அருகிலேயே விஷ்ணு தேவாலயம் இருக்கிறதாம். கண்டியில் இருந்துகொண்டு இதற்கு வாய்மூடிக் கிடக்க எங்களால் முடியாது.

தேவாலயம் இருப்பது உண்மைதான். அங்கே பூசைத்தட்டோடு நிற்கும் சிங்களப் பௌத்தருக்கு விஷ்ணு, புத்தராகப் பிறந்தவர் அல்லர்; இந்தத் தீவில் சாசனத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர், வருங்காலத்தில் தாமே புத்தராக வேண்டியவர். நாத தெய்யோவும் அப்படிக் காத்திருப்பவரே. பத்தினி தெய்யோ நம் கண்ணகி. சிலம்பின் கணக்கில் அவள் வணிகன் மனைவி. மதுரையை எரித்துவிட்டு வானேறியவள். இவர்கள் எல்லாரும் கீழிருந்து மேலே போகிறவர்கள். கதிர்காமத் தெய்யோவைப் பற்றிச் சைவரைக் கேளுங்கள்: முருகனை அவதாரம் என்று சொன்னவரைத் திண்ணையில் உட்கார விடமாட்டார்கள்.

பெரஹராவின் வரிசையையாவது பார்த்திருக்கலாம். ஒருகாலத்தில் அது தெய்வங்களின் ஊர்வலம். 1753இல் சியாமிலிருந்து வந்த பிக்குகளுக்கு அது உறுத்தியது. நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் புத்தரின் தந்ததாதுவை முன்னே விட்டான். இன்றும் மாளிகை யானைக்குப் பின்னால்தான் நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி. மூலவரை அவருடைய அவதாரத்துக்குப் பின்னால் நடக்கவிடும் வைணவம் எந்த ஊரில் உண்டு?

வைணவம் என்றதும் பழைய பித்து தலைக்கேறுகிறது. பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என்று ஐந்து நிலை வகுத்தவர்கள், இராமனும் கிருஷ்ணனும் அடங்கும் விபவத்தோடு நின்றுவிடவில்லை. போன யுகத்து வெள்ளம் இன்றைய தாகத்துக்கு உதவாது என்று, தெருக்கோடிக் கோயிலில் அசையாமல் நிற்கும் கல்லையும் அவதாரமாக்கினார்கள். பிள்ளை உலகாசிரியரை வாசித்தவருக்கு இந்தத் துணிச்சல் புரியும். சைவமோ இறைவனுக்குக் கருப்பை வாசமே இல்லை என்றது. திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடிக்குக் குருவாக வந்தான், பிறக்கவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காத நிலைப்பாடுகள். 'எல்லாம் ஒன்றுதான்' என்பவர்கள் இரண்டில் எதையும் வாசித்தவர்களாகத் தெரியவில்லை.

கலப்பைப் பார்க்க விரும்புவோர் பேராதனை தாண்டி லங்காதிலக்கவுக்குப் போகட்டும். 1344இல் எழுந்த விகாரை. பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் உண்டு. கருவறையில் புத்தர், அதைச் சுற்றிய தேவாலயத்தில் உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி. அதே ஆண்டு எழுந்த கடலாதெனியவைக் கட்டியவர் கணேசுவராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. அங்கே யாரும் யாருக்கும் அவதாரம் ஆகவில்லை. அவரவர் மாடத்தில் அவரவர் நிற்கிறார்கள்.

மலையகம் பற்றிய பேச்சு என்பதால் இன்னொன்று. தோட்டத்து மக்கள் தெய்வத்துக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துசாமி, தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி. கொல்லப்பட்ட மதுரைவீரனும் அங்கே சாமிதான். வேலையிலிருந்தும் சாவிலிருந்தும் எழுந்த தெய்வங்கள். அந்த மண்ணின் கவிஞரைப் பாராட்ட விண்ணிலிருந்து ஒரு சொல்லைத் தருவித்திருக்கிறார்கள்.

விமர்சகர்கள் கைலாசபதிக்கும் க.நா.சு.வுக்கும் ஒத்துப்போனது குறைவு. ஆனால் இருவருமே படைப்பைப் படித்துவிட்டுச் சண்டை போட்டவர்கள். இப்போது ஆளுக்கொரு பட்டம், ஒரு பொன்னாடை, ஒரு படம். அவதாரம் என்று அறிவித்துவிட்டால் மூன்றாம் தொகுப்பு ஏன் முதல் தொகுப்பைவிட மெலிந்தது என்று கேட்பவன் நாத்திகனாகிவிடுகிறான். அந்தக் கேள்வியை அடுத்த இதழில் நாங்கள் கேட்கப்போகிறோம். கவிஞரின் பதிலுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.