எத்தனை கடிகாரம் செய்தார்கள்?

ஒரே ஒரு கைக்கடிகாரம். விலையோ 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்க்! 2016-ம் ஆண்டு ஜெனீவா நகரில் அது ஏலம் போயிற்று. தங்கக் கடிகாரம் என்று நினைக்க வேண்டாம். வெறும் எவர்சில்வர்!

"படேக் பிலிப்" கம்பெனி 1941-ம் ஆண்டில் வெளியிட்ட "1518" என்ற ரகம் அது. இந்த ரகத்தில் மொத்தம் 281 செய்யப்பட்டன என்று கணக்குச் சொல்கிறார்கள். அவற்றில் எவர்சில்வர் கடிகாரம் நாலே நாலுதான் வெளியே தெரிந்தவை. அதனால்தான் அந்த விலை. நாளை இன்னும் பத்து கிடைத்தால்? விலை சரிந்துவிடும்!

எண்ணுவது எப்படி?

கம்பெனியின் பழைய கணக்குப் புத்தகம் இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால், கடிகாரத்தில் பொறித்த எண்கள்தான் சாட்சி.

ஒரு ரகத்துக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் பட்டவை 5 கடிகாரங்கள். அவற்றில் பெரிய எண் 60. அறுபதை ஐந்தால் வகுத்தால் 12. ஆகவே, சராசரியாகப் பன்னிரண்டுக்கு ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. அறுபதுக்கு மேலும் ஏறக்குறைய அத்தனை இருக்கலாம். மொத்தம் சுமார் 70!

இது விளையாட்டுக் கணக்கு அல்ல. இரண்டாம் உலகப்போரில் நேசநாடுகள் இப்படித்தான் ஜெர்மன் டாங்கிகளை எண்ணின. 1942 ஆகஸ்டில் 1,550 டாங்கிகள் தயாராயின என்றது உளவுத் தகவல். 327 என்றது எண் கணக்கு. போர் முடிந்தபின் ஜெர்மன் ஏடுகளைப் புரட்டினார்கள். உண்மை 342!

ஆனால் கடிகாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே எண் வரிசையைப் பல ரகங்களுக்குப் பங்கிட்ட கம்பெனிகள் உண்டு. அங்கே இரண்டு எண்களுக்கு இடையே ஆயிரம் இருந்தால், அந்த ஆயிரமும் ஒரே ரகம் ஆகிவிடாது.

கேட்க வேண்டிய கேள்வி

"உலகத்திலேயே ஐம்பதுதான் இருக்கிறது" என்று வியாபாரி சொல்வார். உடனே பணத்தை எடுக்கக் கூடாது. "எண்ணியது யார்? எப்படி எண்ணினார்கள்?" என்று கேட்க வேண்டும். தாத்தாவின் கடிகாரத்தை விற்கப் போகிறவரும் அதையே கேட்க வேண்டும். ஏடு பார்த்துச் சொன்ன கணக்கு வேறு. ஊகித்துச் சொன்ன கணக்கு வேறு.

பழைய ஏடுகளை வைத்திருக்கும் கம்பெனிகள் மொத்த எண்ணிக்கையைப் பகிரங்கமாகச் சொல்வதே நியாயம். கணக்கை மூடி வைத்தால், வதந்திக்குத்தான் விலை ஏறும்!