கச்சான் காற்றுக்குப் பட்டம் கட்டுவோர்

நிலாவெளியில் பட்டம் விடலாமா என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் சிறுவர்கள் அல்லர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் நம்மவர்கள். அவர்கள் குறிப்பிடுவது கைட்சேர்பிங் என்னும் விளையாட்டை. 7 முதல் 12 சதுர மீற்றர் வரை பரப்புள்ள பட்டத்தை இடுப்புப் பட்டியில் கொளுவி, காலடியில் ஒரு பலகையுடன் அலைமேல் சறுக்குவது. 1984இல் இரு பிரெஞ்சுச் சகோதரர்கள் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை கோரியதில் தொடங்கி, 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை அது வந்துவிட்டது. விளையாட்டின் மீது எனக்கு வழக்கு எதுவுமில்லை. என் வழக்கு, அதை எங்கள் கரையில் விற்கப் புறப்பட்டிருக்கும் கூட்டத்தின் மீது.

அண்மையில் ஒரு பயணத் திட்டத்தைக் காட்டினார்கள். ஆடி மாதத்தில் கற்பிட்டியில் ஐந்து நாள், நிலாவெளியில் ஐந்து நாள், இரண்டு இடத்திலும் பட்டம். 'தீவெங்கும் காற்று' என்று ஒரு வரி வேறு. எழுதியவர் திசை என்ற ஒன்று இருப்பதை மறந்துவிட்டார்.

எங்கள் முன்னோருக்குக் காற்று ஒன்றல்ல. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தது கவிதை எழுதுவதற்கு அன்று, உயிரோடு கரை திரும்புவதற்கு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது என்றால், அந்தப் பெயர்களின் அறிவு அதன் பாய்களில் இருந்தது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மேற்குக் கரையில் தென்மேற்குக் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வருகிறது. கற்பிட்டியின் களப்புகளில் அது பட்டக்காரனுக்கு வரம். அதே காற்று தீவைக் குறுக்கறுத்து, மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, வரண்டு வெந்து கிழக்கே வந்து சேரும்போது அதற்குப் பெயர் கச்சான். அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. நிலாவெளிக் கடல் அந்த மாதங்களில் குளம்போல் கிடப்பதற்கும் அதுவே காரணம். அமைதியான கடல் என்று படம் பிடித்து அச்சிடுகிறார்கள். அமைதி எதனால் வந்தது என்று அச்சிடுவதில்லை.

பட்டத்தின் கயிறு அறுந்தால், அல்லது கட்டடங்களையும் பனைகளையும் கடந்து தடுமாறி வரும் காற்று திடீரென்று விட்டுவிட்டால், அலை ஆளைக் கரையில் ஒதுக்காது. ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு. அதைத் தவறவிட்டால் வங்காள விரிகுடா. இந்த விளையாட்டைக் கற்பிக்கும் எவரும் முதல் நாளிலேயே சொல்லும் விதி, மீட்புப் படகு இல்லாமல் கரையை விட்டு விலகி வீசும் காற்றில் இறங்காதே என்பது. பாடத்தில் அது விதி. விளம்பரத்தில் மட்டும் அது காணாமற் போய்விடுகிறது.

அப்படியானால் வாடைக் காலத்தில் வரலாமே என்பார்கள். வரலாம். அப்போது காற்று கடலிலிருந்து வரும். கூடவே மழையும், கரையை முறிக்கும் அலையும், சில ஆண்டுகளில் புயலும் வரும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவி கரை ஏறியது திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில், நிலாவெளிக்குச் சற்று வடக்கே.

காற்றை விடுங்கள். நான் கோபப்படுவது கரைக்காக.

கச்சான் அடிக்கும் அதே மாதங்கள்தாம் கரைவலை மாதங்கள். தோணி வலையை வளைத்து விட்டு வரும். இரு முனைக் கயிறுகளும் சில நூறு மீற்றர் இடைவெளியில் கரையேறும். இருபது முப்பது பேர் பாட்டுப்பாடி இழுப்பார்கள். நடுவே மடி மெல்ல நெருங்கும். ஒவ்வொரு வலைக்கும் ஒரு பாடு உண்டு. சம்மாட்டிக்கும் பங்காளிக்கும் அது தலைமுறை உரிமை. அரசும் அனுமதிப்பத்திரம் கொடுத்து ஏற்றுக்கொண்ட உரிமை. பட்டக்காரனுக்கும் வெட்டவெளி வேண்டும். அவனுடைய பட்டக் கயிறே 20 மீற்றருக்கு மேல். மணிக்கு 30, 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பலகை, நீருக்குள் கிடக்கும் வலைக் கயிற்றைக் காணுமா? மோதினால் யாரை எழுந்து போகச் சொல்வார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. 'கடற்கரை அழகைக் கெடுக்கும்' வாடிகளைப் பற்றி விருந்தினர் முறையிட்டால் யாருடைய வாடி பிரிக்கப்படும் என்பதும் எமக்குத் தெரிந்ததே.

இது வீண் அச்சம் என்று நினைப்போர் 2005ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஆழிப்பேரலை அடித்த ஈரம் காயுமுன், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை கரையில் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. கடற்றொழிலாளி குடிசையை உள்ளே தள்ளு. ஆனால் சுற்றுலாக் கட்டடங்களுக்கு விதிவிலக்கு உண்டு. அலை ஆளைப் பார்த்தா அடித்தது? பின்னர் விதி தளர்ந்தது. அதற்குள் தொலைவில் குடியேறியவர்கள் பலர் திரும்பவில்லை. அதற்கு முன், போர்க்காலத்தில், தன் கடலுக்குள் இறங்கவே அனுமதிச்சீட்டு வாங்கி நின்ற மனிதர்கள் அவர்கள்.

கற்பிட்டியைச் சொர்க்கம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தீபகற்பம், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மக்கள் ஓலைக் கொட்டில்களில் தஞ்சமடைந்த மண்ணுங்கூட. போர் முடிந்தபின் அங்குள்ள தீவுகளைச் சுற்றுலாவுக்கு ஒதுக்கும் திட்டம் வந்தபோது கடற்றொழிலாளர் வீதியில் இறங்கினார்கள். மன்னாரிலும் காற்றுக்கு விலை வந்துவிட்டது: 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலைகள் திறக்கப்பட்டன, இன்னொரு பெருந்திட்டத்தை அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் கைவிட்டது. காற்று வீசும் இடத்தில் குடியிருப்பவனைக் கடைசியில் கேட்பது நம் நாட்டு வழக்கமாகிவிட்டது.

தொழில் வருமே, பிள்ளைகள் பிழைக்குமே என்று கேட்கும் நண்பர்களைப் புறந்தள்ள மாட்டேன். புறாத்தீவுக்குப் படகோட்டிப் பிழைக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அந்தக் காசு ஊருக்குள் சுற்றுகிறது. (2003இல் தேசியப் பூங்காவாக்கிய தீவின் பவளப்பாறையை உல்லாசப் பயணிகள் மிதிப்பது வேறு கதை.) ஆனால் படகு அவன் வீட்டில் ஏற்கெனவே இருந்தது, கடலும் அவனுக்குத் தெரிந்திருந்தது. பட்டமும் பலகையும் மீட்புப் படகும் வாங்க முதல் வேண்டும், சான்றிதழ் வேண்டும். முதல் வெளியிலிருந்து வரும். ஊர்ப் பையனுக்குப் பட்டம் தூக்கிக் கொடுக்கும் வேலை மிஞ்சும்.

வெள்ளைக்காரப் பயணி அறியாமல் வருகிறான், விட்டுவிடலாம். இந்தக் கரையில் அம்மாவின் கைபிடித்து நடந்தவன், இன்று டொலரில் அறை பதிவு செய்துவிட்டு, வலை இழுப்பவன் ஏன் குறுக்கே நிற்கிறான் என்று ஹோட்டல் முகாமையாளரிடம் சலித்துக்கொள்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பட்டந்தான் வேண்டுமென்றால், ஆடியில் கற்பிட்டிக்குப் போங்கள். அங்கும் வலை எங்கே கிடக்கிறது என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். நிலாவெளிக்கு நீந்த வாருங்கள், மீன் வாங்க வாருங்கள். குச்சவெளிப் பிரதேச சபையிடம் கேட்பதும் ஒன்றுண்டு. நீர்விளையாட்டு நடத்த எவருக்கேனும் அனுமதி கொடுக்கும் எண்ணம் இருந்தால், முதலில் கரைவலைப் பாடுகள் அத்தனையையும் வரைபடத்தில் குறித்து, சம்மாட்டிமாரும் வலை இழுக்கும் தொழிலாளரும் இருக்கும் கூட்டத்தில் அதை வாசியுங்கள். கூட்டத்தை விடியற்காலையில் வைக்க வேண்டாம். அவர்கள் அப்போது கரையில் இருப்பார்கள்.