பிக் பாயும் ஒரு நரியும்

2019 மே மாசம். அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து ஆக்டன் ஸ்டேஷன்ல 'பிக் பாய் 4014' நீராவி எஞ்சினைப் பார்க்க செம கூட்டம். 1941ல செஞ்சது, 1961ல ரிட்டயர் ஆனது. கலிஃபோர்னியா மியூசியத்துல சும்மா நின்னதை 2014ல வயோமிங் பட்டறைக்கு இழுத்துட்டு வந்து, பிரிச்சு மேஞ்சு ஓட வச்சுட்டாங்க. 132 அடி நீளமுங்க!

அந்தக் கூட்டத்துல ஒருத்தர் தலையிலேர்ந்து வால் வரைக்கும் நரி வேஷம். "இங்கயும் வந்துட்டானா கோமாளி"ன்னு பக்கத்துல நின்னவர் முகம் சுளிச்சார். பொய் சொல்வானேன், நானும் சிரிச்சேன்.

அப்புறம்தான் கவனிச்சேன். நாங்கல்லாம் ஒரு போட்டோ எடுத்துட்டு நகர்ந்தாச்சு. நரி மட்டும் குனிஞ்சு, ஒவ்வொரு சக்கரமா, பத்து நிமிஷம் பார்த்துட்டிருந்தது.

என் கட்சி இதுதான். அரை நூற்றாண்டு அசையாம நின்ன இரும்பை ஓட வச்சதே ஒரு கிறுக்கு ஆசைதான். அதை ரசிக்க வர்றவன் மட்டும் பேண்ட் சட்டையில ஒழுங்கா வரணுமா?

ஒரே ஒரு கண்டிஷன். அந்தத் தலைக்குள்ளேர்ந்து பக்கவாட்டுல கண்ணு சரியா தெரியாது. தண்டவாளம் இருக்கிற இடத்துல கைபிடிச்சுக் கூட்டிப் போக ஒரு ஆள் கட்டாயம் வேணும். அன்னிக்கு நரிகூட ஒரு அம்மா வந்திருந்தாங்க.

மத்தபடி, சிரிச்ச நான்தான் கோமாளி :-)