காப்பாற்றப்பட்டவர்களில் யாருடைய பென்சன் புனிதம்?

லண்டனில் ரியூப் வேலைநிறுத்தம் வந்தால் எங்கட ஆக்கள் சொல்லும் வசனம் எனக்கு மனப்பாடம்: "உவங்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் காணாது." 2022 மார்ச் 1ஆம், 3ஆம் திகதிகளில் ரயில்கள் நின்றபோது இன்னொன்றும் சேர்ந்தது: "அரசாங்கம் காசு குடுத்துக் காப்பாத்தின இடத்தில ஸ்ரைக் அடிக்கலாமோ?"

சரி, காப்பாற்றிய கணக்கையே பார்ப்போம்.

2008 ஒக்ரோபரில் றோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லாந்து விழப்போனது. அரசு அதற்குள் படிப்படியாகக் கொட்டியது 45.5 பில்லியன் பவுண். வங்கியை அந்த நிலைக்குக் கொண்டுவந்த தலைமை நிர்வாகி சேர் பிரெட் குட்வின் 50 வயதில் வெளியேறினார். பென்சன் வருடத்துக்கு 703,000 பவுண்! நாடே கொதித்தது. ஒப்பந்தத்தில் உள்ளது, கைவைக்க ஏலாது என்றார்கள். திட்டுத் தாங்காமல் 2009 யூனில் அவராகவே 342,500க்கு இறங்கச் சம்மதித்தார். 2012இல் சேர் பட்டம் பறிபோனது. பென்சன் போகவில்லை. ஆனால் அதே வங்கியின் சாதாரண ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள்.

இனி ரியூப். 2020 கொரோனா முடக்கத்தில் பயணிகள் 95 சதவீதம் குறைந்தார்கள். ரிக்கற் காசை நம்பி ஓடும் நிர்வாகம் அரசிடம் கையேந்தியது. முதல் உதவி மே மாதத்தில், 1.6 பில்லியன் பவுண். கிருமி வந்தது நிலைய வாசலில் நிற்கும் ஊழியரின் குற்றமா? ஆனால் 2021 யூனில் வந்த இன்னொரு உதவிக்கு நிபந்தனை போட்டார்கள்: ஊழியர்களின் பென்சன் திட்டத்தை மீளாய்வு செய். அதோடு நிலையங்களில் 500 முதல் 600 வேலையிடங்களைக் குறைக்கும் திட்டமும் வந்தது. அந்த மார்ச் வேலைநிறுத்தம் இவற்றுக்கு எதிராகத்தான்.

2008இல் ஆண்டது தொழிற்கட்சி, 2021இல் கொன்சர்வேட்டிவ். யார் ஆண்டாலும் முதலாளியின் பென்சன் ஒப்பந்தம், தொழிலாளியின் பென்சன் வீண்செலவு.

ரியூப் சாரதிக்கு எங்களைவிடச் சம்பளம் கூட என்பீர்கள். உண்மைதான். நானும் பெற்றோல் ஸ்டேசனில் ஒன்பது வருடம் இரவு வேலை செய்தவன். முதலாளி தந்ததே சம்பளம். அவர்களுக்கு யூனியன் இருக்கிறது, எங்களுக்கு இருக்கவில்லை. இதற்கு அவர்களுடையதைப் பறிப்பதா, நாங்கள் யூனியனில் சேர்வதா வழி?

ஊரில் 1980 ஆடி மாதம் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 40,000 பேரை ஜே.ஆர். வீட்டுக்கு அனுப்பியதை மறந்துவிட்டோமா? அவர்களில் தமிழரும் இருந்தார்கள், சிங்களவரும் இருந்தார்கள்.

வங்கியின் கடைசிப் பங்குகளை அரசு 2025 மே மாதம் விற்று முடித்தது. மக்களுக்கு நட்டம் 10 பில்லியனுக்கு மேல். அதற்கு முன்பே, 2023 ஒக்ரோபரில், வங்கியாளர்களின் போனசுக்கு இருந்த உச்சவரம்பையும் நீக்கிவிட்டார்கள்.

அந்தப் பத்து பில்லியனில் உங்கள் வரியும் இருக்கிறது. அடுத்தமுறை ரயில் நிற்கும்போது திட்டத்தான் வேண்டுமென்றால், வங்கியிலிருந்து தொடங்குங்கள்.