கடைசி பெஞ்சில் உட்காருவது யார் பிள்ளை?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை 'ப' எழுத்தின் வடிவத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் தமிழகக் கல்வி இலாகா ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கடைசி பெஞ்சு என்பதே இருக்கக் கூடாது என்பது நோக்கம். கழுத்து வலிக்கும், கண்ணுக்குக் கெடுதல் என்று பலரும் ஆட்சேபிக்கவே, அது நிறுத்தி வைக்கப்பட்டது.

நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் பெஞ்சைத் திருப்பிப் போட்டால் பாகுபாடு ஒழிந்துவிடுமா? கடைசி பெஞ்சில் உட்காருவது யார் பிள்ளை என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்?

ஆரப்பாளையத்து மில் தொழிலாளிக்கும், வைகைக் கரையில் நாற்று நடும் பெண்ணுக்கும் இதற்கு விடை தெரியும். கரும்பு வெட்டப் போன தாய் தகப்பனோடு மாதக்கணக்கில் வெளியூர் சென்று திரும்பிய பிள்ளை. காது மந்தமான பிள்ளை. வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆளில்லாத பிள்ளை. தாழ்த்தப்பட்ட மக்களின் தெருவிலிருந்து வரும் பிள்ளை. இவர்களை "மக்கு" என்று ஒதுக்குவது எளிது. அப்படி மனம் நோகப் பேசுவதும் அடிப்பதும் 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி தடை செய்யப்பட்டவை என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

நல்ல ஆசிரியை இந்தப் பிள்ளைகளை எப்படி நடத்துகிறார்? காது கேளாத சிறுவனைத் தம் முகம் தெரியும் இடத்தில் உட்கார வைக்கிறார். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பாடம் சொல்வதில்லை. பதில் சொல்லத் தயங்கும் பெண் குழந்தைக்குச் சற்று நேரம் கொடுக்கிறார். வெளியூரிலிருந்து திரும்பிய பிள்ளையிடம் "ஏன் வரவில்லை" என்று அதட்டாமல், விட்ட இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குகிறார்.

இது ஒன்றும் ஆகாத கனவல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில் இதற்கு வழி இருந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் பலகை இருந்தது. பாடம் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப்படி போல வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. இரண்டு மாதம் வராத பிள்ளையும் தான் நின்ற படியிலிருந்து ஏறலாம். கூலிக்காரன் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எது?

2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். பெயர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. அரும்பு என்றால் பின்தங்கியவன் என்று பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடும்! இதற்கு மேல், செல்போனில் விவரம் பதிவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டன.

மில்லில் ஒரு ஆள் எத்தனை சைடு பார்க்க முடியும் என்பது தொழிலாளிக்குத் தெரியும். சைடைக் கூட்டிக்கொண்டே போனால், இந்தப் பக்கம் இழை அறுந்து கிடக்கும்போது ஆள் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருப்பான். பள்ளியிலும் இதே கதைதான். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது சட்டத்தின் அட்டவணை. வகுப்போ ஐந்து! ஒருவர் லீவு போட்டால் ஐந்தும் ஒருவர் தலையில். அறுந்த இழையை யார் ஒட்டுவது? ஆசிரியையின் அன்பு எவ்வளவு பெரிதானாலும் கை இரண்டுதானே?

ஊனமுற்ற பிள்ளைகளுக்கென வட்டார மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் வருகிறார்கள். பல பள்ளிகளுக்கு ஒருவர். அவர்களில் மிகப் பலர் தொகுப்பூதியத்தில் வேலை செய்பவர்கள். நிரந்தரம் கோரிப் பலமுறை போராடியிருக்கிறார்கள். காது கேளாத பிள்ளையின் படிப்பைப் பொறுப்பேற்றவருக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்பதே நிச்சயமில்லை என்றால், இது என்ன நியாயம்?

சர்க்காரை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 2022 செப்டம்பரில் நம் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்த பிள்ளைக்கு முதல் வரவேற்பு சோறுதான். ஆனால் மறு வருஷமே எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், சமைப்பவர் தாழ்த்தப்பட்டவர் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்த பெற்றோர் இருந்தார்கள். அவர்கள் ஜமீன்தார்களா? உழைத்துப் பிழைக்கும் ஜனங்கள்தாம். அதே 2023இல் நாங்குநேரியில் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவரை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும், ஜாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது என்று அது கூறியது. அந்தக் கயிற்றைப் பிள்ளையின் கையில் கட்டி அனுப்புவது வீடுதானே? தொழிற்சங்கக் கூட்டத்தில் தோழர் என்றழைத்துவிட்டு, வீட்டில் ஜாதி சொல்லிப் பிள்ளை வளர்ப்பவரை என்னவென்பது?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்தைப் பகலில் வைத்தால் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. மாலையில், ஷிப்டு முடிந்த பிறகு கூட்டும்படி தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். போனதும், சிறப்புப் பயிற்றுநர் சென்ற மாதம் எத்தனை நாள் வந்தார், ஆசிரியர் இடம் எத்தனை காலி என்று கேட்டு, பதிலை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.