கியூவிலும் முதல் வகுப்பா?

எண்ணிச் சேர்த்த பணத்துடன் குழந்தைகளைக் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்துக்கு அழைத்துப் போக நினைக்கும் குடும்பஸ்தனுக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முன்கூட்டியே டிக்கெட் வாங்கு, கூட்டமில்லாத நாளாகப் பார் என்கிறார்கள். நல்ல புத்திதான்! ஆனால் 2016 முதல் அங்கே நாளுக்கொரு விலை. பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் மலிவு. விடுமுறை வந்தால் ஏற்றம். ஒன்று, பையன் பாடத்தை விட வேண்டும். அல்லது அப்பன் கடன் வாங்க வேண்டும். பத்து வயது நிரம்பிவிட்டால் பையனும் பெரியவனாம்; முழுக் கட்டணம்!

1955-இல் அந்தப் பூங்கா திறந்தபோதும், பெரியவர்களுக்கு ஒரு டாலர் நுழைவுக் கட்டணம் போக, சவாரிகளுக்குத் தனிச் சீட்டு வாங்கத்தான் வேண்டியிருந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. வாங்கியபின் எல்லோரும் ஒரே கியூவில் நின்றார்கள். 1999-இல் வந்த விரைவுச் சீட்டுக்கும் காசு கிடையாது. முந்தி வந்தவனுக்குக் கிடைத்தது. 2021-இல் அதற்குப் பதிலாக வந்த ஏற்பாட்டுக்கோ விலை வைத்துவிட்டார்கள். பணம் கொடுத்தவன் குழந்தை முன்னே போகிறது, நிற்கிற குழந்தை, "அவர்கள் மட்டும் ஏன் அப்பா?" என்று கேட்கிறது.

சிக்கனம் போதிக்கும் பெரியோர்களே, தகப்பன் அதற்கு என்ன பதில் சொல்வான்?